பிழைச் சிவப்பு

துரைப்பாக்கம், ஏழாவது மாடி.
எங்களிடம் இருப்பது ஒரே பட்டன்.
வங்கிக்குப் போனால் நீலம்,
கண் மருத்துவமனைக்குப் போனால் பச்சை,
நகைச்சீட்டுக் கம்பெனிக்கு
குங்குமத்தில் மஞ்சள் தவறி விழுந்த மாதிரி ஒன்று.
பட்டனுக்குத் தன் நிறம் தெரியாது.
அதன் கையில் ஒரு டோக்கன், அவ்வளவுதான்.

ரேஷன் கடை டோக்கன்தான், வேறில்லை.
உள்ளே இன்று பச்சரிசியா புழுங்கலா என்பது
மூட்டை பிரித்த பிறகு.
அதனால் ‘முதன்மை’ என்று எழுதுவோம்.
நீலம் என்று எழுதிவிட்டால்
நாளை கிளையன்ட் ஊதா கேட்பார்,
நீலம் என்ற பெயரோடு ஊதா
ஊரெல்லாம் திரியும்.
திரிந்திருக்கிறது.
இரண்டு வருடம் எங்கள் கோடில்
வெளிர்நீலம் என்றால் கறுப்பு.
முதல் வாரம் சிரித்தோம்.

இந்த ஆடியில் டார்க் மோட் கேட்டார்கள்.
பரப்பு, பரப்பின் மேல் எழுத்து, விளிம்பு, நிழல்,
விரல் பட்டால் ஒன்று, படக்கூடாதபோது ஒன்று:
இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்,
பத்தொன்பது நாள்.
பிறகு ஒரே ஒரு வரியைத் திருப்பினேன்.
மின்வெட்டில் தெரு அணைவதுபோல
திரைகள் வரிசையாக இருட்டின,
இன்வெர்ட்டர் வைத்த ஒரு வீட்டைத் தவிர.

பணம் போகாதபோது வரும் எச்சரிக்கைப் பட்டை.
அது மட்டும் பழைய செங்கல் சிவப்பில்
அசையாமல் நின்றது.
தேடினேன். டோக்கன் இல்லை.
எண்ணும் எழுத்துமாக நேரடியாக ஒரு நிறம்,
பக்கத்தில் ஆங்கில எழுத்தில் தமிழ்:
“மாத்தாதே. மாத்தினா திரும்ப வரும். தரணிவேல்.”

தரணிவேல் போய் நாலு வருடம்.
அவன் நாற்காலியில் நான் மூன்றாவது ஆள்.
அழித்தேன்.
“சும்மாவா எழுதியிருப்பான்?” என்றாள் பெனாசிர்.
திரும்ப வைத்தேன்.
இரண்டு நாள் அந்த வரியைச் சுற்றியே போய்வந்தேன்,
மெட்ரோ தடுப்பைச் சுற்றுகிற
பத்தொன்பதாம் நம்பர் பஸ் போல.

எண் கிடைத்தது.
வில்லிவாக்கத்தில், மாமனாரின் பெயின்ட் கடையில் இருந்தான்.
பின்னால் டப்பா குலுக்கும் மெஷினின் சத்தம்.
“அதுவா? வரதகுட்டி சார் மானிட்டருக்குப் போட்டது.
அவர் ஸ்கிரீன்ல சிவப்பெல்லாம் ரோஸாத் தெரியும்.
டெமோவுக்கு டெமோ கேப்பார்,
இது பிழையா, கல்யாணப் பத்திரிகையான்னு.
அவர் கண்ணுக்குச் சிவப்பாகிற வரைக்கும்
ராத்திரி பதினொண்ணு மணிக்கு
பக்கத்துல நின்னு கூட்டிக் குறைச்சேன்.”
அந்த மானிட்டர்?
“கீழ்த்தளத்துல இருந்துச்சே. மழைல போயிடுச்சு.”

வாடகை கட்டப் போனவர்கள்,
பள்ளிக்கூட ஃபீஸ் கட்டப் போனவர்கள்,
ராத்திரி மருந்து ஆர்டர் போட்டவர்கள்,
இத்தனை பேரும் இத்தனை நாளும்
செத்துப்போன ஒரு திரையின் கோளாறைப்
பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.
ஒரு புகார்கூட இல்லை.
பணம் போகாத நேரத்தில் யார் நிறம் பார்ப்பது.

வைக்கும் முன் அவனாகவே சொன்னான்:
“இங்கயும் அதேதான்.
ஒரே நம்பர், ஒரே டப்பா,
ஹால் சுவத்துல ஒண்ணு, படுக்கையறையில ஒண்ணு.
சண்டைக்கு வருவாங்க.
காயட்டும், அப்புறம் பாருங்கன்னு அனுப்பிடுவேன்.”

அந்த ஆறு எழுத்தை அழித்தேன்.
அந்த இடத்தில் ‘பிழை’ என்றொரு பெயர்.
வெளிச்சத்துக்கு ஒரு சிவப்பு, அது எளிது.
இருட்டுக்கு வைத்த சிவப்பு
கறுப்பில் மூழ்கிக் கிடந்தது,
எழுத்தே தெரியவில்லை.
பின்னணிக்கும் எழுத்துக்கும் நாலரை மடங்கு
வித்தியாசம் வேண்டும் என்பது விதி.
கொஞ்சம் வெளுத்தேன். மூன்று.
இன்னும் கொஞ்சம். மூன்றே முக்கால்.
ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கரணைப் பக்கம்
தெருவிளக்குகள் வந்துவிட்டன.
இன்னும் கொஞ்சம்.
நாலரையைத் தாண்டியதும் கையை எடுத்தேன்.

பையை மாட்டிக்கொண்டு வந்த பெனாசிர்
தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.
“என்னடி இது, ரோஸ்?”

காயட்டும், பார்க்கலாம் என்றேன்.